துள்ளாத பழம்

டொக். சீமெந்துத் தரையில் விளாம்பழம் விழும் சத்தம். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கே அது கேட்டாலும் இன்னும் திரும்பிப் பார்க்கிறேன். அண்ணா இல்லை.

வன்னி முருங்கனில், விளாமரங்கள் சூழ்ந்த வீட்டில் பிறந்தவர் அண்ணா. பதினேழு வயதில் அப்பாவை இழந்து, கொழும்புக்கு வந்து, கப்பல் கம்பனியில் கிளார்க்காக உழைத்து எங்கள் நால்வரையும் படிப்பித்தார். தான் மணமுடிக்கவில்லை. இதை மட்டும் எழுது, விளாம்பழக் கதை நினைவு மலரில் வேண்டாம் என்றார்கள் உறவினர் சிலர். ஏன் வேண்டாம்? அவர்கள் வீட்டுப் பிரிட்ஜில் எல்லாம் அண்ணாவின் ஜாம் இருந்ததே!

ஓய்வுபெற்றபின் விளாம்பழமே அவருடைய உத்தியோகம். கனிந்ததில் ஜாம், தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் கரைத்த பானம். செங்காயில் பச்சைமிளகாயும் சின்னவெங்காயமும் சேர்த்து இடித்த சம்பல். அதற்கு முன் ஒவ்வொன்றையும் முழங்கால் உயரத்திலிருந்து தரையில் போட்டுப் பார்ப்பார். துள்ளினால் காய். துள்ளாமல் கிடந்தால் பழம்.

மேல்மாடியில் நாள் முழுதும் சுவர் துளைக்கலாம். அண்ணாவின் பழம் மட்டும் விழக்கூடாது. எங்கள் தொடர்மாடிக் குழு கையெழுத்து வைத்துக் கடிதம் அனுப்பியது. அண்ணா சண்டைக்குப் போகவில்லை, சாக்கு விரித்தார். சாக்கில் எந்தக் காய்தான் துள்ளும்? ஒரு சட்டி ஜாம் முழுதும் துவர்த்துப் போனது.

"சாக்குப் பொய் சொல்லுது தங்கச்சி" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு, வாகனத் தரிப்பிடத்தில் போட்டுப் பார்க்கலாமென்று பையோடு லிப்டில் இறங்கினார். "என்ன, வன்னிக் காட்டை லிப்டிலை ஏத்திறியளோ?" என்றார் கையெழுத்து வைத்தவர்களில் ஒருவர். அன்றிலிருந்து அண்ணா படியால்தான் போனார். எழுபத்திரண்டு வயது, நான்கு மாடி. அந்தப் படியில்தான் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது; பின் எழும்பவேயில்லை.

மரண வீட்டில் அதே மனிதர் என் காதருகே வந்து, "ஜாம் போத்தில் மிச்சமிருக்கோ பிள்ளை?" என்று கேட்டார். இதுதான் என் பதில்.

விழுந்தவரைத் தூக்கிய காவலாளிக்கும், முகம் சுளிக்காமல் பார்த்த தாதியருக்கும், "அய்யேக்குக் குடுங்க" என்று அண்ணாவுக்கான சிங்களச் சொல்லைத் தெரிந்த தமிழில் கலந்து சொல்லி ஆஸ்பத்திரிக்குப் பழம் தந்துவிட்ட வெள்ளவத்தைக் காலி வீதிச் சிங்களப் பழக்கடைக்காரருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அந்தப் பழத்தைக் கடைசி நாள் அண்ணாவின் கையில் வைத்தேன். மணந்து பார்த்தார்.

"போட்டுப் பாத்தனியே?"

"இல்லையண்ணா. ஆஸ்பத்திரி வாட்டிலை சனம் படுத்திருக்கு."

"போடு. ஆரும் கேட்டா, நான் சொன்னனான் எண்டு சொல்லு."