தீ மனிதனின் ஞானஸ்நானம்

எங்கள் வீட்டில் சினிமா பார்த்தால் அதற்கு ஒரு தண்டனை உண்டு. பார்த்துவிட்டு வந்தவர் சாப்பாட்டுக்கு முன்னால் அப்பாவிடம் கதையைச் சொல்லி, படத்தின் நிறை என்ன, குறை என்ன என்று ஒப்பிக்க வேண்டும். அப்பா ஹைஸ்கூலில் தமிழாசிரியர். பரீட்சையில் கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்வியை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். உண்மைக் காரணம் வேறு. சினிமா என்று சொல்லிவிட்டு வேறெங்காவது போய் வருகிறார்களோ என்ற சந்தேகம் அவருக்கு எப்போதும் இருந்தது. அந்தக் குணம் எனக்கும் அப்படியே வந்திருந்தது. ஆனால் நான் படங்களைத்தான் சந்தேகப்பட்டேன்.

எழுபதுகளின் கடைசியில், நான் மூன்றாவது படித்தபோது, பொங்கல் லீவு முடிந்த சனிக்கிழமை அத்தை என்னை ஓர் இங்கிலீஷ் படத்துக்குக் கூட்டிப்போனாள். அத்தை அப்பாவின் தங்கை. டீச்சர் வேலை பார்த்துக்கொண்டு, கல்யாணமாகாமல் எங்களோடு தென்னூரில் இருந்தாள். பிள்ளை காதில் நாலு இங்கிலீஷ் வார்த்தை விழட்டும் என்று அப்பாவும் சம்மதித்தார். மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு தியேட்டரில் காலைக் காட்சி.

படத்தில் உலகத்தைக் காப்பாற்ற ஐந்து பேர். ஒருவன் பறப்பான். ஒருவன் சுவருக்குள் புகுந்து போவான். ஒருவன் லாரியைத் தூக்குவான். ஒருவனுக்கு உடம்பெல்லாம் தீ. தண்ணீர் பட்டால் அணைந்துபோவான். ஐந்தாவது ஒரு பெண். ஊர்க்கோடியில் யார் பேசினாலும் அவள் காதில் விழும். பறக்கிறவன் ஒருத்தனே எல்லாவற்றையும் முடித்துவிடலாமே, மற்ற நாலு பேர் எதற்கு என்று ஆரம்பத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஒவ்வொரு வசனத்தையும் அத்தை என் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். விளக்கணைத்த பிறகு வந்த ஒருவர் அவளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். இடைவேளையில் பார்த்தேன், நெற்றியில் மெல்லிய சிவப்புக் கோடு, ஸ்ரீரங்கத்துக்காரர்கள் இட்டுக்கொள்வது. எனக்கு ஒரு பொட்டலம் வேர்க்கடலை நீட்டினார். நான் அத்தையைப் பார்த்தேன்.

"வாங்கிக்க பாப்பா. பக்கத்து சீட்டுக்காரர்தானே," என்றாள்.

வாங்கிக்கொண்டேன். அவரையும் சந்தேகப்பட்டேன், எல்லோரும் சிரித்த இடத்தில் அவர் சிரிக்கவே இல்லை.

இடைவேளைக்குப் பிறகு அத்தையின் மொழிபெயர்ப்பு கெட்டுப்போனது. என் பக்கம் திரும்பாமல், விட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு பிடித்தேன். திரையில் அந்தப் பெண்ணும் தீ மனிதனும் பாலத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

வீடு திரும்பியதும் அப்பா சாய்வு நாற்காலியில் தயாராக இருந்தார். அத்தை அடுப்படியில் அம்மாவுக்கு உதவப் போய்விட்டாள். நான் நிறைகளைச் சொன்னேன்: சண்டை, லாரி, சுவர். அப்பா கொட்டாவி விட்டார்.

"குறை?"

"வசனம் நல்லால்லப்பா. சண்டைக்கு நடுவுல அந்தப் பொண்ணு தீ மனுஷன்கிட்ட, 'ஞானஸ்நானம் வாங்கிக்கிறேன்னு சொல்றீங்களே, பின்னால வருத்தப்பட மாட்டீங்களே?'ன்னு கேக்குது. தண்ணி ஊத்தினா அவன் அணைஞ்சு போயிடுவானே! இதைக்கூட யோசிக்காம எடுத்திருக்காங்க."

அப்பாவின் கொட்டாவி பாதியில் நின்றது. அடுப்படியில் பாத்திரச் சத்தமும் நின்றது.

"வேற என்ன சொல்லிச்சு அந்தப் பொண்ணு?"

அப்பா என்னிடம் அவ்வளவு மெதுவாக, அவ்வளவு அக்கறையாக எதையும் கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"'ஈஸ்டர் முடியட்டும், அண்ணன்கிட்ட நானே பேசறேன். அதுவரைக்கும் வீட்டுப் பக்கம் வந்துராதீங்க'ன்னு சொல்லிச்சு. ஆனா படத்துல அண்ணன்னு ஒருத்தரு வரவே இல்லப்பா. அதுவும் குறைதானே?"

"நல்லா கவனிச்சிருக்கே," என்றார் அப்பா.

அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. ஒரு வாரம் வகுப்பில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

அதன்பிறகு அத்தை வேலைக்குப் போகவில்லை. லால்குடிப் பக்கம் ஒரு மாப்பிள்ளை வந்தார். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கிவிட்டால் எங்களில் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பதால், மாதா கோயிலில் அவசர அவசரமாக மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, அது தொடங்கும் சாம்பல் புதனுக்கு முன்பே கல்யாணத்தை முடித்தார் அப்பா. ஈஸ்டருக்கு இன்னும் எத்தனையோ நாள் இருந்தது.

கல்யாணத்தன்று காலையில் அத்தைதான் எனக்குத் தலை பின்னிவிட்டாள். அன்றுவரை என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கவில்லை. படத்தைக் குறை சொன்னதால் அவளுக்கு வருத்தம் என்று எனக்கு ஒரு நினைப்பு. சமாதானமாக இருக்கட்டும் என்று படத்தைப் பற்றியே பேச்செடுத்தேன்.

"அத்தை, கடைசியில அவனுக்கு ஞானஸ்நானம் குடுத்தாங்களா?"

அத்தை பாதிப் பின்னலை அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து பின்னத் தொடங்கினாள்.

"இல்ல பாப்பா. அதுக்குள்ள படம் முடிஞ்சிருச்சு."

நான் அதையும் குறைகளில் சேர்த்துக்கொண்டேன்.