கரிசக்காட்டுப் பட்டறையில் ஒரு படகு

படகு ஏற்றிய ட்ரெய்லரின் சக்கரம் இன்று கோவில்பட்டி பைபாஸில் அலறியது. பக்கத்துப் பட்டறையில் பழைய பேரிங்கைத் தட்டிக் கழற்றிப் புதிது போட்டார் மெக்கானிக்.

ஆனால் நான் வாங்கிக் கொடுத்த ரப்பர் சீல்கள் உறை பிரிக்காமல் பெஞ்சில் கிடந்தன.

"ஏன் அண்ணாச்சி, சீல் போடலியா?"

"அது தண்ணி உள்ள போகாம இருக்கத்தான? நம்ம கரிசக்காட்டுல தண்ணிக்கு எங்க போக? எந்த ட்ராக்டர் ட்ரெய்லருக்கும் நான் போடுததே இல்ல."

"படகை இறக்க இதைக் கடலுக்குள்ள தள்ளணும் அண்ணாச்சி! சக்கரம் உப்புத் தண்ணில முங்கும். பேரிங் துருப்பிடிச்சு நடுரோட்டுல சக்கரம் கழண்டு ஓடும்!"

"அத மொதல்லயே சொல்லப்படாதா?" என்று என்னிடமே கோபித்துக்கொண்டார்.

நான் சொல்லியிருக்க வேண்டுமாம்! குனிந்து வேலை பார்த்த அவர் தலைக்கு மேலேயே முழு ஃபைபர் படகு நின்றது.

அதை வைத்து நான் எந்தப் பருத்திக்காட்டை உழப்போகிறேன் என்று நினைத்தார்? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.