எங்கள் கொடியில் இருந்த கொக்கு

பெரியப்பா நடத்திய இயக்கத்துக்கு ஏரி மீட்புப் படை என்று பெயர். படையில் முப்பது பேர் இருந்தார்கள். எல்லோரும் எங்கள் ஊர் சேக்காட்டின் பழைய குடும்பத்து ஆட்கள், பாதிப் பேர் எங்களுக்கு உறவு. ஏரித் தண்ணீரில் நெல் விளைத்தவர்களின் பிள்ளைகள். நெல் போன பிறகு ஒருவர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார், ஒருவர் டிஷ் ஆன்டெனா மாட்டிக்கொண்டிருந்தார், பெரியப்பா லேத் பட்டறை வைத்திருந்தார்.

படையின் கொடி கறுப்பு. நடுவில் மண்வெட்டியை இறுக்கிப் பிடித்த ஒரு முஷ்டி, அதிலிருந்து மூன்று துளிகள் சொட்டும். அவை தண்ணீர்த் துளிகள்தாம். ஆனால் அச்சகத்துக்காரரிடம் அன்றைக்குக் கறுப்பும் சிவப்பும்தான் இருந்திருக்கின்றன. முஷ்டிக்குப் பூசிய சிவப்பையே துளிகளுக்கும் பூசிவிட்டார். பத்துப் பன்னிரண்டு வருடம் அந்தக் கொடியைத்தான் பெரியப்பா சுமந்தார். அதைப் பார்த்தவுடன் புது அடுக்குமாடிக் குடியிருப்புகளின் காவலாளிகள் கேட்டைச் சாத்துவார்கள். பெரியப்பாவின் மீசையும் கரகரத்த குரலும் சேர்ந்துகொண்டால் சாத்திய கேட்டுக்குத் தாழ்ப்பாளும் விழும். அவர் வெளியே நின்று மைக்கில் கத்திவிட்டுத் திரும்புவார். மேலே பால்கனிகளில் துணி காயும், ஆள் இருக்காது.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் ஏரியின் தெற்கு மூலையில் டிப்பர் லாரிகள் இடிந்த கட்டடங்களின் கல்லையும் மண்ணையும் கொட்ட ஆரம்பித்தன. யாரோ மனை பிரிக்கப்போவதாகச் சொன்னார்கள். மனு கொடுக்கப் போன பெரியப்பாவிடம் அதிகாரி ஒருவர், இரண்டு வாரம் கழித்து வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை தானே ஏரிக்கு வந்து பார்ப்பதாகவும், இந்த முப்பது பேர் மட்டும் நின்றால் சொந்தக்காரச் சண்டை என்றுதான் எழுதவேண்டியிருக்கும் என்றும் சொல்லியனுப்பினார். குடியிருப்புக்காரர்கள் வராமல் வேலை நடக்காது என்று ஆகிவிட்டது.

அப்போதுதான் சித்தி வாயைத் திறந்தாள். அம்மாவின் தங்கை. எங்களோடு தங்கி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தாள். முறுக்கு, மிக்சர் பாக்கெட்டுகளுக்குக் கம்ப்யூட்டரில் படமும் எழுத்தும் அமைப்பது அவள் வேலை. பெயரையும் கொடியையும் மாற்றாமல் ஒருத்தரும் கதவைத் திறக்கமாட்டார்கள் என்று சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிட்டாள்.

பெரியப்பா கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டார். “இன்னாம்மா பேசற? நம்ம இன்னா மிக்சரா விக்கிறோம்? இந்தக் கொடியப் புடிச்சிக்கினு எத்தினி தபா அடி வாங்கிகீறோம் தெரியுமா?”

“அடி வாங்கனது போதும்னுதான் மாமா சொல்றேன்” என்றாள் சித்தி.

இரண்டு நாள் அவர் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் லாரிகள் இருபதாக வந்தன. மாலையில் பட்டறைக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, என்னவோ செய்துகொள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

படைக்கு “ஏரி நம்மது” என்று சித்தி பெயர் வைத்தாள். வெள்ளைத் துணி, நீல எழுத்து என்றும் முடிவு செய்தாள். படம் மட்டும் அமையவில்லை. ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, ஏரி என்றால் உனக்கு என்ன தோன்றுகிறதோ அதை வரைந்து கொடு என்றாள்.

இங்கேதான் நான் தப்புச் செய்தேன். ஏரியின் பக்கத்தில் வளர்ந்தவள்தான், ஆனால் நான் பார்த்த ஏரியில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பையும் நாற்றமும்தான் இருந்தன. அதை வரைந்தால் நன்றாக இருக்காது. யோசித்துப் பார்த்ததில் என் வகுப்புத் தோழியின் வீடு ஞாபகம் வந்தது. அவள் அடுக்குமாடியில் இருந்தாள். அவர்கள் வீட்டுச் சமையலறையில் கவிழ்த்து வைத்த தண்ணீர் கேன் ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் கிணறும் குழாயும் இருந்ததால் கேன் வாங்கும் வழக்கமில்லை, எனக்கு அது அதிசயம். அதன் ஸ்டிக்கரில் ஒரு நீலத் துளி, துளிக்குள் மூன்று அலை, அலைமேல் ஒரு வெள்ளைக் கொக்கு. அப்படியே வரைந்தேன். கொக்கை மட்டும் இடப்பக்கத்துக்குப் பதிலாக வலப்பக்கம் பார்க்கவைத்தேன். அது என் சொந்தக் கற்பனை.

சித்தி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு என் கன்னத்தைக் கிள்ளினாள். கம்ப்யூட்டரில் அதற்கு ஒழுங்கான வளைவு கொடுத்தாள். நான் வரைந்தது என்று யாரிடமும் சொல்லவேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். அவள் அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டாள். ஒரு வாரத்தில் பனியன்களும் கொடிகளும் வந்து இறங்கின. வீட்டில் எல்லோரும் கொக்கைப் புகழ்ந்தார்கள். நான் மட்டும் பனியன் கட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முப்பது பேரும் வெள்ளைப் பனியனில் கிளம்பினார்கள். பெரியப்பாவுக்குப் பனியன் வயிற்றில் பிடித்தது. சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். முதலில் போனது என் தோழி இருந்த குடியிருப்புக்கே. எத்தனையோ முறை கேட்டைச் சாத்திய அதே காவலாளி, தூரத்தில் கொடியைப் பார்த்ததும் ஓடிவந்து இரண்டு பக்கக் கதவையும் விரியத் திறந்தார். “வா நைனா வா, இன்னா இவ்ளோ லேட்டு!” என்றார்.

பெரியப்பா திரும்பிச் சித்தியைப் பார்த்தார். அந்த முகத்தில் அவ்வளவு மரியாதையை நான் அதற்கு முன் கண்டதில்லை. படை உள்ளே நுழைந்தது. பால்கனிகளில் தலைகள் முளைத்தன. ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது. யாரும் விரட்டவில்லை. சிலர் படியிறங்கியே வந்தார்கள். வந்தவர்கள் கையில் காலி கேன் இருந்தது.

முதல் மாடியிலிருந்து கோயம்புத்தூர்ப் பேச்சில் ஓர் அம்மாள், “ஏனுங்க, மூணு நாளா தண்ணி போடல, எங்களுக்கு ரெண்டு கேனுங்க” என்று கூப்பிட்டார்.

படை அப்படியே நின்றது. டிஷ் ஆன்டெனாக்காரர் ஒரு காலி கேனை வாங்கி ஸ்டிக்கரைப் பார்த்தார். பிறகு தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தார். துளி, மூன்று அலை, கொக்கு. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கம்பெனி படத்தைத் திருடிப் போட்டுக்கொண்டு உள்ளே வருவது மோசடி இல்லையா என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். பின்னாலிருந்து யாரோ, கொக்குதான் எதிர்ப்பக்கம் பார்க்கிறது என்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது பெரியப்பா கேட்பார், சித்தி என்னைக் காட்டுவாள், ஏரி போய்விடும்; எல்லாம் என்னால்.

பெரியப்பா கேட்டேவிட்டார். “இன்னாம்மா இது?”

சித்தி என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு, “என் தப்பு மாமா. எங்க ஆபீஸ்லயும் இந்த கேன்தான். தெனம் பாத்துப் பாத்து கை தானா போட்டுடுச்சு” என்றாள். முகம் கன்றிச் சிவந்திருந்தது. மிக்சர் பாக்கெட் என்று யாரோ முணுமுணுத்தது அவளுக்கும் கேட்டிருக்கும்.

பெரியப்பா வெடிப்பார் என்று காத்திருந்தோம். அவர் டிஷ் ஆன்டெனாக்காரரிடமிருந்து அந்தக் காலி கேனை வாங்கி, அதற்குள் எட்டிப் பார்த்தார். மைக் மறந்துபோய்க் கீழே கிடந்தது. “ஏன் மூணு நாளா தண்ணி வர்ல, தெரியுமாம்மா?” என்று அந்த அம்மாளை அண்ணாந்து பார்த்துச் சாதாரணக் குரலில் கேட்டார். அந்தக் குரல் அவரிடம் இருந்ததே எங்களுக்குத் தெரியாது. “கேன்காரன் தண்ணி எடுக்கற போரு எங்க கொல்லைக்கு எதிர்லதான் கீது. ஏரில மண்ணு கொட்டக் கொட்ட போர்ல தண்ணி எறங்கிக்கினே போவுது. எங்க ஊட்டுக் கெணத்துலயும் அதே கதிதான். நாங்க தண்ணி விக்கிறவங்க இல்லம்மா. தண்ணி போச்சேன்னு சொல்ல வந்தவங்க.”

மாடியிலிருந்து அந்த அம்மாள் கீழே இறங்கி வந்தார். அப்படியென்றால் அடுத்த மாதம் கேனே வராதா என்று கேட்டார். செயலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஏரி எந்தப் பக்கம் இருக்கிறது என்று விசாரித்தார். நான்கு வருடமாக அங்கே குடியிருப்பவர்.

மாலையில் ஏரிக்கரைக்கு இருநூறு பேருக்குமேல் வந்தார்கள். யார் சொன்னது என்று தெரியவில்லை, ஆளுக்கொரு காலி கேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். வந்த அதிகாரி வண்டியை விட்டு இறங்காமலே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இறங்கினார். அந்த வாரம் லாரிகள் நின்றன. கொட்டிய மண்ணில் பாதியை எடுக்கவும் செய்தார்கள். தெற்கு மூலை இன்றைக்கும் ஏரியாகத்தான் இருக்கிறது. சித்தி கொடியை மறுபடி வரைய உட்கார்ந்தபோது, கொக்கு வேண்டாம், அந்தக் காலி கேனையே போட்டுவிடு என்று பெரியப்பாவே சொன்னார். அவருக்கு அந்த வாரம் நல்ல தூக்கம் என்று பெரியம்மா சொன்னாள். எங்கள் எல்லோருக்குமே நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியிருந்தது.

என் மூட்டைதான் எல்லாவற்றிலும் பெரியது. அதற்குப் பிறகு யார் அந்தக் கதையைக் கேட்டாலும் சித்தி கூசாமல், தன் கை தானாகப் போட்டுவிட்டது என்றே சொன்னாள். சிலர் கேலி செய்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். நான் கொடுத்த தாளையே அவள் சுத்தமாக மறந்துவிட்டாள் என்று எனக்கு உறுதியாயிற்று. அந்த மறதிக்காகப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய்கூட வேண்டிக்கொண்டேன். அரையாண்டுப் பரீட்சை வந்தது. ஞாபக சக்திக்கு நல்லது என்று அம்மா வல்லாரைத் துவையல் அரைத்து எல்லோர் தட்டிலும் வைத்தாள். நான் பாய்ந்து சித்தியின் தட்டிலிருந்ததை என் தட்டுக்கு வழித்துக்கொண்டேன். சித்திக்கு இது ஒத்துக்காது என்று அம்மாவிடம் சொன்னேன்.

சித்திக்குப் புரையேறிவிட்டது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். துவையலுக்குப் போய் இப்படிச் சிரிக்கிறாளே என்று நினைத்துக்கொண்டு நான் அவள் தலையைத் தட்டிக்கொடுத்தேன்.