கேற்றுக்கு வெளியே இருபது நிமிடம்

திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்திலுள்ள மருந்துக்கடைக்கு மாதத்தில் ஒரு நாள் போவேன். பிரஷர் குளிசை வாங்கத்தான். போன வியாழக்கிழமை போனபோது குளிசையோடு ஒரு கண்டனமும் கிடைத்தது.

கவுண்டரில் நிற்கும் பெண்ணை எனக்கு ஐந்தாறு வருடமாகத் தெரியும். குருநகர்ப் பிள்ளை. அவர் கேட்டுக்கொண்டபடி பெயரை மாற்றி ஜெனிற்றா என்று வைத்துக்கொள்கிறேன். அதிகம் கதைக்கமாட்டார். டொக்டரின் மருந்துத் துண்டைப் பார்ப்பார், குளிசையை எடுப்பார், உறையில் காலை, இரவு என்று எழுதுவார். அவ்வளவுதான்.

அன்றைக்கு உறையை என் கையில் தராமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ரீச்சர், நேற்று நீங்கள் எழுதினது பிழை."

புதன்கிழமைகளில் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியில் எழுத்துப்பிழை கண்டுபிடிப்பவர்கள் உண்டு. கோயில் திருவிழாத் திகதியை மாற்றி எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. அப்படி ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. நான் கேலி செய்திருந்த தொலைக்காட்சித் தொடரைப் பற்றித்தான் அவர் சொல்கிறார்.

போன புதன்கிழமைப் பத்தியைப் படிக்காதவர்களுக்காக ஒரு சுருக்கம். சனிக்கிழமை பின்னேரம் நானும் கணவரும் சேர்ந்து பார்ப்பது ஒரு குற்றப் புலனாய்வுத் தொடர். பெயர் வேண்டாம். பத்தாவது நிமிடத்தில் கொலைகாரன் யார் என்று கணவர் சொல்லிவிடுவார். முக்கால்வாசி நாள் பிழையாகத்தான் சொல்வார். அதில் எங்கள் இரண்டு பேருக்குமே ஒரு சந்தோசம். முந்திய கிழமை, கிணற்றுக்குள்ளிருந்து ஒரு கத்தியை எடுத்ததோடு முடித்திருந்தார்கள். அது யாருடைய கத்தி? ஏழு நாள் யோசித்துவிட்டுப் போய் உட்கார்ந்தால்... இன்ஸ்பெக்டருக்கு லீவு!

மனிதர் வீட்டுக்கு வருகிறார். கேற்றுக்கு வெளியே வாகனத்தை நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே இருக்கிறார். இறங்கவே இல்லை. மனைவி குசினி ஜன்னலால் பார்க்கிறாள். கூப்பிடவில்லை. அடுப்பைக் குறைத்து வைக்கிறாள். பிறகு அவர் உள்ளே வருகிறார், சாப்பிடுகிறார், ஒழுகுகிற தண்ணீர்க் குழாயைத் திருத்துகிறார். முடிந்தது. கத்தியைப் பற்றி ஒரு வார்த்தை? மூச்!

கதை எழுதுகிறவருக்கும் அந்தக் கிழமை லீவாக இருக்கும் என்றார் கணவர். நானும் அதையே கொஞ்சம் உப்புப்புளி சேர்த்து எழுதினேன். 'ஐம்பது நிமிடத்தில் ஒன்றுமே நடக்கவில்லை' என்று முடித்திருந்தேன்.

ஜெனிற்றாவின் கண்டனம் அந்த ஒரு வரிக்குத்தான்.

கடையில் வேறு ஆட்கள் இல்லை. பலாலி வீதியில் பஸ் ஹோர்ன் அடிக்கும்போது மட்டும் நிறுத்தி, நின்றபடியே முழுக் கதையையும் சொன்னார்.

அவருடைய கணவர் அன்ரன் — இதுவும் மாற்றிய பெயர்தான் — அம்புலன்ஸ் ஓட்டுகிறவர். கிராமத்து ஆஸ்பத்திரிகளில் சமாளிக்க முடியாத நோயாளர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்ப்பது வேலை. பின்னேரம் ஐந்தரைக்கு வீட்டு வாசலில் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்கும். ஜெனிற்றா தேத்தண்ணி ஊற்றுவார். முன்பெல்லாம் தேத்தண்ணி ஆறுவதற்குள் ஆள் உள்ளே வந்துவிடுவாராம்.

மூன்று மாதமாக வருவதில்லை. சத்தம் கேட்கும், நிற்கும். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. எட்டிப் பார்த்தால், மதிலோரம் மோட்டார்சைக்கிளில் இருந்தபடியே இருப்பாராம். ஹெல்மெட்டும் கழற்றாமல். கையில் போன். பத்து நிமிடம், இருபது நிமிடம்... சில நாள் அதற்கும் மேல். பிறகு உள்ளே வந்து எதுவும் நடக்காதது போல மகளின் கொப்பியைப் பார்ப்பாராம்.

நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நான் என்ன நினைப்பேன்? ஜெனிற்றாவும் அதைத்தான் நினைத்தார்.

அன்ரன் குளிக்கிற நேரம் அவருடைய போனை எடுத்துப் பார்த்தாராம். ஒன்றும் இல்லை. இருந்திருந்தால்கூட இவ்வளவு பயம் வந்திராது. ஐந்தரை மணிக்குப் பார்த்த போனில் ஆறு மணிக்கு ஒன்றுமே இல்லையென்றால், அழிக்கிறார் என்றுதானே அர்த்தம்? தாயிடம் சொன்னார். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு என்றார் தாய். மகளின் யூனிபோர்ம் இரண்டை பாக்கில் வைத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார். ஞாயிறு பூசை முடிய அப்படியே தாய் வீட்டுக்குப் போவது என்று முடிவு.

அதற்கு முதல் நாள் சனிக்கிழமை. மகள் தொலைக்காட்சியைப் போட்டிருக்கிறாள். நான் கொட்டாவி விட்ட அதே ஐம்பது நிமிடம்.

"அந்த மனுசன் இறங்காமல் இருக்கிறதைப் பாத்த உடனை எனக்குக் கைகால் ஓடேல்லை ரீச்சர். சோறு அடிப்பிடிச்சுப் போச்சு. அந்தப் பொம்பிளை கூப்பிடவும் இல்லை, கத்தவும் இல்லை. அடுப்பைக் குறைச்சுப்போட்டு நிண்டவ. அப்பிடியும் காத்து நிக்கலாமெண்டு எனக்கு ஏன் விளங்கேல்லை?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. ஜெனிற்றா தாய் வீட்டுக்குப் போகவில்லை. அன்றைக்கும் அன்ரனுக்கு வேலை. பின்னேரம் சத்தம் கேட்டதும் கேற்றைத் திறந்துகொண்டு வெளியே போய் மோட்டார்சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். உள்ளே வரவில்லையா என்று கேட்டிருக்கிறார். அன்ரன் திரும்பிப் பார்க்காமல் சொன்ன பதிலை என்னிடம் இரண்டு தரம் சொன்னார்.

"கொஞ்சம் பொறு. நான் இன்னும் வந்து முடியேல்லை."

என்ன நடந்தது என்று கேட்டதற்கு, சொன்னால் அது உனக்கும் வந்துவிடும் என்றாராம். இவரும் மேலே கேட்காமல் பக்கத்தில் நின்றுவிட்டு, இரண்டு பேருமாக உள்ளே போயிருக்கிறார்கள்.

'ஒன்றுமே நடக்கவில்லை' என்ற என் வரியை அந்தக் கவுண்டரில் வைத்தே யாராவது அழித்துத் தந்தால் நல்லது போல இருந்தது. எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டதே என்று நினைத்துக் குளிசைக்குக் கை நீட்டினேன். உறை இன்னும் அவர் கையில்தான்.

"அவர் சொன்னதை நம்புறன் ரீச்சர். ஆனா அந்த போன்? அதை ஏன் கையிலை வச்சிருக்கிறார்? பாக் இன்னும் கட்டிலுக்குக் கீழைதான் கிடக்குது." பிறகு குரலைத் தணித்து, "நீங்கள் உதுகளைப் பற்றி எழுதுறனீங்கள். அந்த இன்ஸ்பெக்டருக்கு வேறை ஆரும் இருக்கோ? வாற கிழமையிலை அப்பிடி ஏதும் காட்டுவினமோ?" என்று கேட்டார்.

தொடரை எழுதுகிறவர் யாரென்றே எனக்குத் தெரியாது. ஒரு கதைக்குள் இருக்கிற மனிதன் ஒழுங்கானவனா என்பதை வைத்து, குருநகரில் ஒரு பெண் பாக்கைப் பிரிப்பதா எடுத்துக்கொண்டு போவதா என்று முடிவெடுக்கப் போகிறாள். இது சரியா? பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே கதைதானே அவரை ஞாயிற்றுக்கிழமை போகவிடாமல் மறித்தது?

"இல்லை பிள்ளை. அந்தாள் அப்பிடியான ஆள் இல்லை," என்றேன். என்னவோ அந்த இன்ஸ்பெக்டர் நல்லூரில் என் பக்கத்து வீட்டில் வளர்ந்தவர் போல!

ஜெனிற்றா தலையாட்டிவிட்டு உறையைத் தந்தார்.

சனிக்கிழமை வந்தது. இத்தனை வருடத்தில் ஒரு தொடரைப் பயந்து பயந்து பார்த்தது அன்றைக்குத்தான். தொடங்கி ஐந்து நிமிடம் இருக்காது. இன்ஸ்பெக்டரின் போன் அடித்தது. ஒரு பெண் குரல். அவர் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போனோடு வெளியே வளவுக்குள் இறங்கிப் போனார்.

நான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினேன்.

கணவர் உற்சாகமாக நிமிர்ந்து உட்கார்ந்து, உவருக்கு வேறு தொடர்பு இருக்கிறது, தான் அப்போதே நினைத்ததாகச் சொன்னார். பேசாமல் இருங்கோ என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், இவளுக்கு என்ன வந்தது என்ற கேள்வி. விளங்கப்படுத்தப் பொறுமையில்லை. முடியும்வரை பார்த்தேன். யார் அந்தப் பெண் என்று கடைசிவரை சொல்லவேயில்லை. 'தொடரும்' என்று போட்டுவிட்டார்கள்.

போன கிழமை மெதுவாகப் போகிறது என்று திட்டினேன். இந்தக் கிழமை வேகமாகப் போகிறது என்று திட்டினேன். எனக்கு என்னதான் வேண்டும்?

ஞாயிறு முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. ஜெனிற்றாவின் போன் நம்பர் என்னிடம் இல்லை. அவர் பார்த்திருப்பாரா? பார்த்துவிட்டு பாக்கை எடுத்திருப்பாரா? அந்தாள் அப்படியான ஆள் இல்லை என்று உறுதி சொன்னது நான். கடையில் ஒரு பெண்ணின் குடும்பத்துக்குப் பிணை நின்றுவிட்டு வந்திருக்கிறேன். அதுவும் யாரை நம்பி? தொலைக்காட்சிக்காரரை நம்பி!

திங்கட்கிழமை காலை கடை திறக்கிற நேரத்துக்கே போய்விட்டேன். சும்மா போக முடியாதே, இருமல் மருந்து கேட்டேன். ஜெனிற்றா அங்கேதான் நின்றார். முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. யாருக்கு இருமல் என்று கேட்டார். ஒருவருக்கும் இல்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டு, சனிக்கிழமை தொடர் பார்த்தீரா என்று கேட்டேன்.

பார்க்கவில்லையாம். மறந்துபோய்விட்டாராம்.

மறந்துபோய்விட்டாராம்! நான் இரண்டு நாள் நித்திரையில்லாமல் கிடந்தேன்.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஜெனிற்றா உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்ரிக் கதிரையைக் கொண்டுபோய் மதிலோரம் போட்டிருக்கிறார். இருக்கிறதென்றால் இதிலே இருங்கோ, ஏன் மோட்டார்சைக்கிளில் குந்திக்கொண்டு என்றிருக்கிறார். கோபமாகச் சொன்னாரா அன்பாகச் சொன்னாரா என்று அவருக்கே தெரியவில்லையாம். அன்ரன் கதிரையைப் பார்த்தார். சிரித்தார். மூன்று மாதத்தில் முதல் தரம். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கதிரையில் இருந்தார். பிறகு போனை அவரே நீட்டினார்.

பெரிய ஆஸ்பத்திரி வாட்டில் வேலை செய்கிற ஒரு சிநேகிதனிடமிருந்து வந்த குரல் பதிவு. 'அந்த ஐயா இருக்கிறார். கண் முழிச்சிட்டார்.' அவ்வளவுதான்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு சின்னப் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். தன் மகளின் வயதுதான். அம்புலன்சில் வரும்போது அந்தப் பிள்ளை, மாமா கெதியாகப் போங்கோ என்று சொல்லிக்கொண்டே வந்ததாம். சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, மகளோடு விளையாடியிருக்கிறார். அந்த நேரத்திலேயே பிள்ளை போய்விட்டது. அடுத்த நாள்தான் தெரிந்ததாம். அது தெரியாமல், தான் சிரித்துக்கொண்டு இருந்ததை அவரால் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும், அன்றைக்குத் தான் ஏற்றிவந்தவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று சிநேகிதனிடம் கேட்டு, பதில் வரும்வரை வெளியே இருப்பாராம். பதில் வந்த பிறகுதான் வீட்டுக்குள் கால் வைப்பார். போனில் விளையாடுகிற மகள் கேட்டுவிடக்கூடாது என்று அழித்துவிடுவாராம்.

ஜெனிற்றா இதைச் சொல்லும்போது அழவில்லை. நான்தான் இருமல் மருந்துப் போத்தலை வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தேன். கடைக்கு வந்த ஒருவர் எனக்கு ஏதோ தொற்றுகிற வருத்தம் என்று நினைத்து விலகி நின்றார்.

யூனிபோர்ம் பாக் என்ன ஆனது என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை பின்னேரமே எடுத்து அயர்ன் பண்ணி வைத்துவிட்டாராம். அன்ரனுக்கு அந்த பாக்கைப் பற்றித் தெரியுமா?

"சொல்லேல்லை ரீச்சர். ஒரு நாளைக்குச் சொல்லுவன். அப்ப கதிரையிலை நான் இருக்க வேண்டி வரும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குக் குழப்பம்தான். அந்தத் தொடர் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியதா? அல்லது அடுத்த கிழமையே குலைக்கப் பார்த்ததா? எழுதியவருக்கு இப்படியெல்லாம் நடக்கும் என்று தெரிந்திருக்குமா, இல்லை, கணவர் சொன்னதுபோல உண்மையிலேயே லீவில் போயிருந்தாரா? ஒரு மனிதன் இருந்த இடத்தில் இருப்பதற்குள் இவ்வளவு நடக்குமென்றால், இத்தனை வருடமாக எதைப் பார்த்து 'ஒன்றும் நடக்கவில்லை' என்று எழுதிக்கொண்டிருந்தேன்?

இப்போது அவர்கள் வீட்டு மதிலோரம் இரண்டு கதிரைகளாம். பதில் வரும்வரை இரண்டு பேருமாக இருக்கிறார்கள். நல்ல பதில் என்றால் தேத்தண்ணி உள்ளே. மற்றதென்றால் வெளியே.

ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு அம்மா ஜெனிற்றாவைத் தனியே கூப்பிட்டு, உங்கள் இரண்டு பேருக்கும் வீட்டுக்குள்ளே ஏதும் பிரச்சினையோ என்று கேட்டாராம்.