புகை படாத பாவு

இனிமேல் வெல்டிங் பக்கமே போகக்கூடாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே என் கணவர், "புகை போட்ட கோழி விக்கலாம்மா" என்றார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இரும்பு கேட்டும் கிரில்லும் அடித்துக்கொண்டிருந்த மனிதர். வீட்டில் ஒரு முட்டை உடைத்து ஊற்றியது கிடையாது. எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் விட்டுவிட்டேன்.

பெங்களூர் ரோட்டில் ஒரு கடைக்கு கேட் மாட்டப் போனபோது அந்தப் புகை அடுப்பைப் பார்த்திருக்கிறார். ஒரு பக்கம் நெருப்பு, மறுபக்கம் கறி. நெருப்பு கறியைத் தொடாது, சூடும் புகையும் மட்டும் உள்ளே போய் மெதுவாக வேக வைக்கும். தாமல் ஏரிக்கரைப் பக்கம் ஒரு கடை போட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவர் திட்டம். வேறு திட்டம் எங்களிடம் இல்லை. ஒரு பெண் குழந்தை, நான் வாங்கும் தனியார் பள்ளிச் சம்பளம், மங்கிக்கொண்டு வரும் அவர் கண். அந்த அடுப்பு எரிந்தால்தான் வீடு ஓடும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

டயர் கடையில் காற்று அடிக்கும் கம்ப்ரஸரின் பழைய டேங்க் ஒன்று கிடைத்தது. நல்ல கனமான இரும்பு. பதினெட்டு அங்குல விட்டம், நாலடி நீளம். "நீ தான கணக்கு டீச்சர், போடு" என்று காலண்டரைக் கிழித்து என் முன்னால் வைத்தார். நெருப்புப் பெட்டி டேங்கின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்று எங்கேயோ வீடியோவில் பார்த்திருக்கிறார். போட்டுப் பார்த்தேன். பதினாறு அங்குலத்துக்குச் சதுரமாக ஒரு பெட்டி அடித்தால் அச்சாகப் பொருந்தியது. எனக்கே சந்தோஷமாக இருந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உருளையின் கனஅளவு நடத்தும்போது ஒருத்தனாவது இதை வைத்து அடுப்பு செய்வான் என்று நான் நினைத்ததே இல்லை.

புகை போக நாலு அங்குலக் குழாய், மூன்றடி உயரம். காற்று வர நெருப்புப் பெட்டியில் ஒரு திறப்பு, அதைக் கூட்டிக் குறைக்க ஒரு தகடு. பழைய எண்ணெய் நாற்றம் போக டேங்கை வெளியில் வைத்து விறகு போட்டு எரித்தார். டாக்டர் பேச்சை மீறிக் கடைசியாக ஒருமுறை வெல்டிங் செய்தார். முதல் கோழி ரப்பர் மாதிரி இருந்தது. அடுத்தது கருகியது. அதற்கப்புறம் வந்த கோழியைத் தின்றுவிட்டு என் மகள் எலும்பைக்கூட விடவில்லை. அன்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன் கூடத்தில் கொழுந்தனாரின் தறி. பின்னால் தகரக் கூரை போட்ட என் கணவரின் பட்டறை. நடுவில் ஒரே ஒரு கதவு. அவர்கள் நெசவுக் குடும்பம். தறியில் பாவு ஏறிவிட்டால், அதாவது நீளத்துக்கு ஓடும் பட்டு நூல் கட்டியாகிவிட்டால், ஜன்னலைத் திறக்க மாட்டார்கள், காற்று பட்டால் இழை அறுந்துபோகும். புகை என்றால் அதைவிட மோசம். பட்டு வாசனையைப் பிடித்துக்கொண்டு விடாது. கருவாடு பொரித்தால் நாங்கள் மொட்டை மாடிக்குப் போவோம். என் மகளுக்குத் தலைக்கு ஊற்றிச் சாம்பிராணி போடுவதும் மாடியில்தான். என் கணவர் தறியில் உட்கார்ந்ததே இல்லை, ஆனாலும் இந்தப் பயம் அவர் ரத்தத்தில் இருந்தது. கூடத்தில் பாவு இருந்தால் பீடியை ரோட்டுமுனையிலேயே அணைத்துவிட்டுத்தான் வருவார்.

முதல் ஆர்டர் ஒரு பிறந்தநாள் வீட்டிலிருந்து வந்தது. ஐப்பசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்தே மழை பிடித்துக்கொண்டது. திறந்த வெளியில் டேங்க் நனைந்து சூடே ஏறவில்லை. கொழுந்தனாரும் அவருமாக அதைப் பட்டறைக்குள் தள்ளினார்கள். கூடத்தில் அன்று சந்தன நிறத்தில் ஒரு முகூர்த்தப் புடவைக்குப் பாவு ஏறியிருந்தது. அந்த நிறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் தெரியும்.

"பாவு ஏறியிருக்குதுண்ணே" என்றார் கொழுந்தனார்.

"தெரியும்பா. நான் இன்னா கொழந்தயா? கதவ சாத்திக்கினு செய்றேன். நீ பாட்டுக்கு நெய்யி."

நான் மகளை என் அம்மா வீட்டில் விடக் கிளம்பிக்கொண்டிருந்தேன். குழாயில் ஒரு வளைவு மாட்டி ஜன்னல் வழியாக வெளியே விட்டிருந்தார். மழைக்காற்று புகையைத் திருப்பித் திருப்பி உள்ளேயே தள்ளியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருமினார். "விறகு வேணாம்மா. கொட்டாங்கச்சிக் கரி போடறேன். அதுல பொகையே வராது, பாவுக்கு ஒண்ணும் ஆவாது" என்றார். நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது. யாருக்குத்தான் படாது?

நான் திரும்பி வரும்போது தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கூடத்தில் புகையும் இல்லை, வாசனையும் இல்லை. "அண்ணன் இன்னும் உள்ளதான் கீறாரு அண்ணி, கூப்டா சத்தமே காணோம். வேல மும்முரம் போலக்குது" என்றார் கொழுந்தனார். கதவைத் தள்ளினேன். நகரவில்லை. உள்பக்கம் அடியில் ஈரச் சாக்கைத் திணித்திருந்தார். ஜன்னலில் குழாயைச் சுற்றியிருந்த சந்திலும் பழைய லுங்கியை அடைத்திருந்தார். பாவுக்காக ஒரு ஓட்டை விடாமல் அடைத்திருந்தார்.

இரண்டு பேருமாக இடித்துத் திறந்தோம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் நன்றாகச் சிவந்து, வெந்நீரில் குளித்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்து நல்லாத்தான் இருக்கிறார் என்று ஒரு கணம் நம்பிவிட்டேன். தொட்டதும் ஒரு பக்கமாகச் சரிந்தார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, கரியில் புகை வராது, விஷம் வரும் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, மூடிய அறையில் ஆளைத் தூங்க வைத்துவிடும். ஊரில் பலர், "டீச்சரம்மா போட்ட கணக்கு தப்பாப் போச்சு" என்றார்கள். என் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. அந்த டேங்கில் கோழி அருமையாக வெந்திருந்தது. எல்லாரையும் உட்கார வைத்து அந்தக் காலண்டர் தாளைக் காட்ட வேண்டும் போலிருந்தது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பாவுல பொக பட்டுச்சா?"

"படல" என்றேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

வீட்டுக்கு வந்தார், நடந்தார், சாப்பிட்டார், மகளோடு கேரம் ஆடினார். கண்டம் தாண்டிவிட்டது என்று குமரகோட்டத்துக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். சில வாரம் கழித்துச் சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் நின்றார். பிறகு தெரு மறந்தது. அந்த விஷம் இப்படிப் பின்னால் வேலையைக் காட்டுவதும் உண்டு என்று டாக்டர் அப்போதுதான் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் போக, அந்த ஒரு கேள்வி மட்டும் தங்கியது. காலையில் கேட்பார், சாப்பிடும்போது கேட்பார், மருந்து கொடுத்தால் கேட்பார். அந்தச் சந்தனப் புடவை நெய்து முடிந்து, யாரோ ஒரு பெண் அதைக் கட்டிக்கொண்டு கல்யாணமே ஆகிவிட்டது. கொழுந்தனார் சலிக்க மாட்டார். இப்போது தறியில் இருக்கும் அரக்குச் சிவப்புப் பாவில் அண்ணன் கையைப் பிடித்து வைத்து, "படலண்ணே, மோந்து பாரு" என்பார். அவரும் குனிந்து மோந்துவிட்டு நிம்மதியாகப் போவார்.

போன வாரம் எனக்குப் பொறுக்கவில்லை. கத்திவிட்டேன். "அந்தப் பொடவ போயி எவ்ளோ நாளாச்சு! பாவுக்கு இன்னா ஆச்சு, பாவுக்கு இன்னா ஆச்சுன்னு கேக்கறீங்களே, எங்களுக்கு இன்னா ஆச்சுன்னு ஒரு நாளு கேட்டீங்களா?"

அவர் பயந்துபோய்த் தம்பியின் பக்கம் நகர்ந்து நின்றார். தம்பியின் காதருகே குனிந்து, எனக்குக் கேட்கக்கூடாது என்று மெதுவாக, "யாருப்பா இந்தம்மா? இன்னாத்துக்கு அழுவறாங்க?" என்றார்.

கொழுந்தனார் என்னைப் பார்க்காமல், "அண்ணிதாண்ணே" என்றார்.