ஆறு மணித் தண்ணீர்

ஜெயவேலு அண்ணன் தண்ணீரைக் காதால்தான் பார்ப்பார். ஆளுயர இரும்புச் சாவியைக் குழிக்குள் இறக்கி, வால்வில் பொருத்தி, மேல் முனையைக் காதோரம் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பார்க்கிறவர்களுக்கு மனிதர் நின்றபடியே தூங்குகிற மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து, "வருது. ஹென்னூர் ரோட்ல திரும்பிடிச்சி," என்பார். நானும் ஒருநாள் காதை வைத்துப் பார்த்தேன். இரும்பு குளிர்ந்தது, அவ்வளவுதான்.

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை அவருக்கு. கன்னடக்காரர்கள் நீர்கண்டி என்று கூப்பிடுவார்கள். பதினேழு வருடமாகக் காண்ட்ராக்டில்தான் இருந்தார். பிறந்தது கோலார் தங்கவயல். அவர் அப்பா சுரங்கத்தில் ஊறுகிற தண்ணீரை வெளியே தள்ளுகிற பம்ப்பை ஓட்டியவர். பள்ளத்துத் தண்ணீரை மேலே ஏற்ற எவ்வளவு கரண்ட் செலவாகும் என்பது அந்த வீட்டில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

"காவேரி எங்க கீது, நாம எங்க கீறோம்," என்பார். "நூறு கிலோமீட்டர். ஆயிரம் அடிக்கு மேல ஏத்தம். மூணு எடத்துல பெரிய பெரிய மோட்டார் வெச்சித் தள்றாங்க. ஒரு சொம்புத் தண்ணி நம்ம வாசலுக்கு வர்றதுக்குள்ள ஒரு மலை ஏறி வருதுப்பா." சொல்லிவிட்டுக் குழாயை, தூங்குகிற குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்.

மலை ஏறி வந்த தண்ணீர் எங்கள் மேட்டில் மட்டும் ஏறவில்லை.

தெருவில் நாற்பது வீடு. அடியில் முதல் வீடு ஜகதாம்பாள் அம்மாவுடையது. மேட்டில் கடைசி வீடு யூனிஸ் என்கிற பெண்ணுடையது. பொம்மசந்திராவில் கம்பெனி வேலை, ஏழு மணிக்கு மெயின் ரோட்டில் கம்பெனி பஸ் ஏற வேண்டும். தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. விடிகாலை வரும், மத்தியானம் வரும், இன்றைக்கு என்று சொல்லி நாளை மறுநாள் வரும். யார் தண்ணீர் போர்டு ஆபீஸுக்குப் போன் போட்டார்களோ அவர்கள் பக்கம் முதலில் திரும்பும். அதனால் எல்லாரும் வாசலுக்கு அடியில் இருக்கிற தொட்டியை, அதாவது சம்ப்பை, நிரப்பத் தெருக் குழாய் லைனிலேயே நேராக மோட்டார் வைத்திருந்தார்கள். வால்வைத் திறந்ததும் குழாய் முதலில் காற்றைத்தான் விடும், ஸ்ஸ் என்று. அந்தச் சத்தம் கேட்டால் போதும், நாற்பது வீட்டிலும் சுவிட்ச் விழும். அரை மணி நேரம் மோட்டார்கள் காற்றைக் குடித்துக்கொண்டு ஓடும். தெரு முழுக்கத் தேன்கூடு மாதிரி ரீங்காரம். கீழ் வீட்டார் உறிஞ்சியது போக மேலே போவதற்கு ஒன்றும் இருக்காது. யூனிஸ் காத்திருந்து, பஸ்ஸை விட்டு, சம்பளப் பிடிப்போடு நிற்பாள்.

அந்த நாற்பதில் இருபத்தேழு நான் மாட்டியது. நான் பிளம்பர். அப்படி மாட்டுவது சட்டப்படி தப்பு என்று எனக்கும் தெரியும், மாட்டச் சொன்னவர்களுக்கும் தெரியும், பிடிக்க வேண்டியவர்களுக்கும் தெரியும். டிவியில் நட்சத்திரம் போட்ட ஃபேன் வாங்கு, கரண்டை மிச்சம் பிடி, நாட்டுக்கு நல்லது என்கிறார்கள். வாங்கினோம். அந்த ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு மோட்டார் போட்டுக் காற்றை இறைத்தோம். நேரத்துக்கு ஒரு வால்வைத் திறக்க ஆளில்லாத இடத்தில் எந்த நட்சத்திரம் என்ன செய்யும்?

போன ஏப்ரலில் ஒருநாள் காலையில் டிரான்ஸ்ஃபார்மர் புகைந்து தெருவே அணைந்தது. அதே நேரம் பார்த்துத் தண்ணீர் முறை. ஒரு மோட்டாரும் ஓடவில்லை. அவ்வளவு அமைதியை நான் அந்தத் தெருவில் கேட்டதில்லை. ஜெயவேலு அண்ணன் சாவியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு சாவியை விட்டுவிட்டு மேட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார், தண்ணீரோடு கூடவே நடக்கிற மாதிரி, மெதுவாக. நான் பின்னால் போனேன். மேலே யூனிஸ் வாசல் குழாயின் கீழே இரண்டு கையையும் நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள்.

"ண்ணா, தானா வருதுண்ணா," என்றாள். ஏதோ பூனைக்குட்டி வீட்டுக்குள் வந்துவிட்டது மாதிரி, சத்தம் போட்டால் ஓடிவிடும் என்கிற மாதிரி, ரகசியக் குரலில்.

அன்றிலிருந்து அண்ணன் வேறு ஆளாகிவிட்டார்.

முதலில் ஜகதாம்பாள் அம்மாவிடம்தான் போனார்.

"மோட்டாரப் போடாதீங்கம்மா. தண்ணி தானா ஏறும், பாத்தேன்."

"நீ பாத்தே. எதிர் வீட்டுக்காரன் பாத்தானா? நான் நிறுத்துனா அவன் சம்ப்பு ரொம்பும். என்னை இன்னா கேனச்சின்னு நெனச்சியா?"

"எல்லாரையும் நிறுத்தச் சொல்றேன்."

"சொல்லு. மொதல்ல எத்தினி மணிக்குத் தண்ணி வரும்னு சொல்லு. அத்தச் சொல்ல துப்பில்ல, மோட்டாரு கதை பேச வந்துட்டான். நேரம் சொல்லுடா, நான் ஏன் சுவிட்சு மேல கைய வெச்சிக்கினு உக்காரப்போறேன்?"

அண்ணன் இதைக் கோபமாக எடுத்துக்கொள்ளவில்லை. திரும்பி வரும்போது, "அம்மா சரியாத்தான் சொல்லுது. தப்பு மோட்டார்ல இல்ல," என்றார்.

ஆபீஸுக்குப் புதிதாக ஒரு இன்ஜினியர் வந்திருந்தார், கேசவ் என்று. ஐப்பசி வரை அண்ணன் நாலு தடவை போய் நின்றார். ஐந்தாவது தடவை அவர் பேப்பரை எடுத்து நேரம் எழுதினாராம். செவ்வாய், வியாழன், சனி, காலை ஆறிலிருந்து எட்டு. கையெழுத்து, சீல். "நேரம் தப்பாம திறக்க உங்களால முடியுமா?" என்று கன்னடத்தில் கேட்டாராம். "நேரம் யாரும் கொடுத்ததில்ல சார், கொடுத்துப் பாருங்க," என்று அண்ணன் சொன்னாராம்.

அந்தப் பேப்பரை நாற்பது ஜெராக்ஸ் எடுத்து நாற்பது கேட்டிலும் ஒட்டினார். மோட்டாரை நிறுத்துங்கள் என்று அதற்குப் பிறகு யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆறு மணிக்குத் திறந்தார். மழையில் திறந்தார். காய்ச்சலோடு மஃப்ளர் கட்டிக்கொண்டு திறந்தார். சர்ச்சில் ஆறு மணி அடிக்கும், குழிக்குள் சாவி திரும்பும்.

இரண்டாம் வாரம் நடுவில் ஒரு வீட்டில் மோட்டார் ஓடவில்லை. அலாரம் வைக்க மறந்து தூங்கிவிட்டார்கள், எழுந்து பார்த்தால் சம்ப்பு நிறைந்திருந்தது. அடுத்த முறை இன்னும் மூன்று வீடு. ரீங்காரம் ஒவ்வொரு இழையாகக் கழன்றது. ஐந்தாவது வாரம் பனி விழுந்த ஒரு காலையில் ஒரே ஒரு மோட்டார்தான் ஓடியது, ஜகதாம்பாள் அம்மாவுடையது. அதற்கே வெட்கமாக இருந்திருக்கும் போல, பாதியில் நின்றுவிட்டது. பிறகு குழாய்களின் சலசலப்பு மட்டும். தெரு ஓர் ஆற்றங்கரையில் இருக்கிற மாதிரி இருந்தது. யூனிஸ் ஆறே முக்காலுக்குத் தலை பின்னி, டிபன் பாக்ஸோடு இறங்கிப் போனாள்.

ஆறாவது வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சின்னப்பா போன் செய்தார். அடுத்த லைனில் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர். காண்ட்ராக்டருக்கு மிகவும் வேண்டியவர்.

"நாளைக்குக் காலைல முகூர்த்தம். ஆறு மணிக்கு என் பக்கம் திருப்பிடு. உங்க தெருவுக்கு எட்டுக்கு மேல விட்டுக்கோ."

அண்ணன் கேசவுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. அண்ணன் அன்று ராத்திரி தூங்கியிருக்க மாட்டார்.

சனிக்கிழமை ஐந்தே முக்காலுக்கு நான் போனபோது குழிக்குப் பக்கத்தில் சின்னப்பா பைக்கைச் சாய்த்து நிறுத்தியிருந்தார். கீழே கேட்டில் ஜகதாம்பாள் அம்மா. அவர் கை சுவருக்கு உள்ளே சுவிட்சின் மேல் இருந்தது, எனக்குத் தெரிந்தது.

"இன்னா ஜெயவேலு, என் பேச்சு கேக்கலியா?"

"கேட்டுச்சி சார். மண்டபத்துக்கு ரெண்டு லாரி சொல்லிடுங்க. இன்னிக்கி இந்தத் தெரு."

"ஒரு நாளுப்பா. ஒரே நாளு. இன்னா முழுகிடும்?"

"ஒரு நாள் தப்புனா செவ்வாக்கெழமை நாப்பது மோட்டாரும் ஓடும் சார். அப்புறம் நான் செத்தாலும் நிக்காது."

"வேலையில இருக்க ஆசை இல்லியா உனக்கு?"

"இருக்குது சார்," என்றார் அண்ணன். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். சாவியை இறக்கினார். மணி அடித்தது. உடம்பின் எடை முழுவதையும் கொடுத்துத் திருப்பினார், இந்தப் பக்கமாக.

ஸ்ஸ் என்று காற்று வந்தது. நான் ஜகதாம்பாள் அம்மாவைப் பார்த்தேன். அவர் சின்னப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை சுவருக்கு உள்ளிருந்து வெளியே வந்தது, வெறுமனே. "முகூர்த்தத்துக்கு நேரம் ஆவுது, போயி வேலையப் பாருங்க சார்," என்றார். மேலே எங்கேயும் ஒரு மோட்டாரும் முனகவில்லை. தண்ணீர் தன் பாட்டுக்கு ஏறிப் போனது.

பதினைந்து நாளில் ஜெயவேலு அண்ணனை ஆஸ்டின் டவுன் பக்கம் மாற்றிவிட்டார்கள். கேசவ் தடுத்துப் பார்த்தாராம், முடியவில்லை. வேலையை விட்டு எடுக்காமல் இடம் மாற்றியதே அவர் முயற்சியால்தான் என்கிறார்கள். புது ஆள் முதல் நாள் ஆறு பத்துக்கு வந்தான். குழியைச் சுற்றிப் பதினாலு பேர் நின்றிருந்தார்கள், ஜகதாம்பாள் அம்மா முன்னால். அந்தப் பேப்பரைக் கேட்டிலிருந்து கிழித்துக் கையில் வைத்திருந்தார். அடுத்த முறையிலிருந்து அவன் ஐந்து ஐம்பதுக்கே வந்துவிடுகிறான்.

முறை நாளில் ஆறு பத்துக்கு அண்ணனிடமிருந்து எனக்குப் போன் வரும்.

"மோட்டார் சத்தம் கேக்குதா?"

"இல்லண்ணா."

"நல்லாக் கேளு."

நான் போனை வெளியே நீட்டுவேன். பனிக்குள் தெரு தூங்குகிற மாதிரி கிடக்கும், தண்ணீர் மட்டும் நடந்துகொண்டிருக்கும். அந்தப் பக்கம் அவர் போனைக் காதோரம் வைத்துத் தண்ணீரைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

"மேல் வீட்டாண்ட போயிடிச்சி," என்பார் பிறகு. "வெச்சிடறேன், இங்க எனக்கு ஏழு மணி முறை."