மாடிக் கொடியில் ஒரு நீலக் கேபிள்

விருத்தாசலத்தில் எங்கள் பெரியம்மா வீட்டு மாடியில் இருக்கும் துணிக்கொடியைப் போல இன்னொன்று இந்த ஜில்லாவில் கிடையாது என்று நான் யாரிடமும் பந்தயம் கட்டுவேன். விரல் தடிமனில் இரண்டு வரிசை. நல்ல நீல நிறம், மேலே நெருக்கமாகப் பின்னிய உறை, முனைகளில் தங்க முலாம் பூசிய செருகிகள். எத்தனையோ வெயிலும் மழையும் பார்த்துவிட்டது. ஈரப் போர்வையைப் போட்டாலும் தொய்வதில்லை, வெள்ளை வேட்டியில் துருக்கறை படிவதில்லை. அது துணி காயப்போடப் பிறந்ததல்ல. ஸ்பீக்கருக்குப் பாட்டு கொண்டுபோவதற்காகச் சென்னையில் யானை விலை கொடுத்து வாங்கி, வெல்வெட் பெட்டியில் வைத்து, பெரியம்மாவின் மாப்பிள்ளை கொண்டுவந்த கேபிள் அது.

பெரியம்மா தொழிற்பேட்டையில் பீங்கான் யூனிட் நடத்தியவர். மின்கம்பத்துக்கான இன்சுலேட்டரும் ஃபியூஸ் கட்டையும் அவர் சூளையில் வெந்து வரும். பெரியப்பா இறந்ததும், "பொம்பளைக்கு எதுக்குச் சூளை, வித்துட்டு பணத்தை பேங்குல போடு" என்று சொந்தக்காரர்கள் வரிசையில் வந்து சொன்னார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தனியாக நின்று வேகவைத்த முதல் பெரிய சரக்கு ஒன்றுகூடத் திரும்பி வராமல் ஏற்றுக்கொள்ளப்பட்டபோது, நகை வாங்காமல் ஒரு ஸ்டீரியோ செட் வாங்கினார். ஆம்ப்ளிஃபையர், கேசட் பெட்டி, மரக்கூடு போட்ட இரண்டு ஸ்பீக்கர். ஆயுத பூஜை அன்று யூனிட்டில் சாமி கும்பிட்ட பிறகு வேலை செய்பவர்கள் எல்லாரும் வீட்டுக்கு வருவார்கள். சுண்டலும் பொரியும் கொடுத்து நாகஸ்வரக் கேசட்டைப் போடுவார். அந்த நேரம் பெரியம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஜெயித்தவளின் முகம் அது.

பெரியம்மாவின் ஒரே மகளான அக்காவுக்குக் கல்யாணமாகி வந்த முதல் ஆயுத பூஜைக்குத்தான் மாப்பிள்ளை அந்த வெல்வெட் பெட்டியோடு வந்து இறங்கினார். சேத்தியாத்தோப்புக்காரர், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, பாட்டென்றால் உயிர். முந்தைய முறை வந்தபோதே செட்டைக் கேட்டுவிட்டு முகம் சுளித்திருந்தார். "சவுண்டு அடைச்சுக்கிட்டு வருதுங்க அத்தை. எல்லாம் இந்தச் செகப்பு கறுப்பு ஒயராலதான். இத மாத்தியும் தேறலன்னா செட்ட எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடலாம்" என்றார். பெரியம்மா சிரித்தபடி தலையாட்டினார். ஆனால் அடுப்படிக்குள் வந்ததும் குழம்புக்கு இரண்டாவது முறை உப்புப் போட்டதை நான் பார்த்தேன். எடைக்குப் போடுவதா? அந்தச் செட்டையா?

நம் வீடுகளில் மாப்பிள்ளை சொல்லுக்கு மறுசொல் ஏது? கேபிளை மாட்டிப் பாட்டைப் போட்டதும் ஆளாளுக்கு ஆகா ஓகோ என்றோம். என் சித்தப்பா இருக்கிறாரே, மாப்பிள்ளை தும்மினால்கூடச் சுருதி சேர்ந்திருக்கிறது என்பார். பெரியம்மா மட்டும் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒலி முன்பு போலவேதான் மந்தமாக இருந்தது. இதைச் சொன்னால் மாப்பிள்ளைக்கு அவமரியாதை, சொல்லாவிட்டால் செட்டுக்கு ஆயுசு முடிந்தது. நடுவில் அக்கா, தாயையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தபடி.

யூனிட்டில் பெரியம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒருவரிடம் மண் வாங்கினால், பழைய மண்ணிலும் புது மண்ணிலும் வில்லைகள் செய்து, அடியில் புள்ளி மட்டும் வைத்து ஒன்றாகச் சூளையில் வைப்பார். எது யார் மண் என்று பார்க்கிறவர்களுக்குச் சொல்ல மாட்டார். "பேரைப் பாத்துட்டுப் பொருளைப் பாத்தா, கண்ணு பேரைத்தான் பாக்கும்" என்பார். அந்த வழக்கத்தை அன்று கூடத்துக்குக் கொண்டுவந்தார்.

"மாப்ளே, நீங்க கொண்டாந்தது எங்களுக்கு ஒசத்தியாத்தான் கேக்கும். அதுல பாதி காது, பாதி மரியாதை. அதனால நீங்க பரிச்சை வைங்க, நாங்க எழுதறோம்" என்றார். செட்டுக்கு முன்னால் ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டினோம். மாப்பிள்ளை உள்ளே போனார். அவர் ஒயரை மாற்றி மாற்றிப் பாட்டைப் போடுவார். எது புதுசு என்று நாங்கள் சொல்ல வேண்டும். எங்களைச் சோதிக்கிற வாத்தியார் ஆனதில் அவருக்கு ஒரே உற்சாகம். பெரியம்மாவின் சாமர்த்தியமே அதுதான். தோற்றால் நாங்கள்தான் தோற்போம்.

தோற்றோம், அதுவும் சீராக. நான் பழையதைப் புதுசு என்றேன், புதியதைப் பழசு என்றேன். நடுவில் சித்தப்பா தொடையில் தட்டி, "இப்பதான் மாப்ளே புது ஒயரு! தவிலு தனியா நிக்குது பாருங்க!" என்று கத்தினார். புடவையை விலக்கி மாப்பிள்ளையின் தலை வெளியே வந்தது. "மாமா, நான் இன்னும் ஒயரையே மாத்தலீங்க."

நாங்கள் சிரித்த சிரிப்பில் அவர் சேரவில்லை. யோசித்தபடி வெளியே வந்து, அக்காவை உள்ளே அனுப்பிவிட்டு, எங்கள் வரிசையில் தானும் உட்கார்ந்தார். கண்ணை மூடிக் கேட்டார். அவர் "இதுதான் புதுசு" என்று அடித்துச் சொன்னபோது, திரைக்குப் பின்னாலிருந்து அக்கா குரலே எழும்பாமல், "பழசுங்க" என்றாள். மாப்பிள்ளை முறுக்கு எந்தப் பக்கம் திரும்புமோ என்று எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அத்தை, நானே என்னை ஏமாத்திக்கிட்டேன். ஆனா சவுண்டு அடைக்குதுன்னு சொன்னது பொய்யில்லீங்க" என்று எழுந்து, ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்தில் தரையில் படுத்தே விட்டார். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் உட்காரவென்று வாங்கிப் போட்ட பெரிய சோபாவுக்குப் பின்னால், மூலையில், தரையோடு தரையாக முடங்கிக் கிடந்தது இடப்பக்க ஸ்பீக்கர். "இது வாயப் பொத்திக்கிட்டுல்ல கெடக்குது!" என்றார்.

சோபாவை நகர்த்தினோம். பெரியம்மா யூனிட் ஷெட்டிலிருந்து கனத்த பீங்கான் இன்சுலேட்டர்களை எடுத்துவரச் சொல்லி, அவற்றின் மேல் பலகை போட்டு ஸ்பீக்கர்களை உயர்த்தி வைத்தார். பழைய ஒயரின் முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து மாப்பிள்ளையே இறுக்கி முறுக்கினார். பாட்டு தொடங்கியதும் அடைப்பு விட்டுப்போய்க் கூடம் முழுக்க நாகஸ்வரம் நிறைந்தது. இந்த முறை சித்தப்பா தொடையில் தட்டியது தாளத்துக்குத்தான். சாயங்காலம் யூனிட் ஆட்கள் வந்தபோது, "என்னம்மா, புது செட்டா?" என்று கேட்டார்கள். "பழசுதான், ஆனா எங்க மாப்ளே சரி பண்ணுனது!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார் பெரியம்மா. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

விலை உயர்ந்த கேபிள் தேவையா என்று இன்று யாராவது கேட்டால் எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். ஒயர் போதுமான தடிமனில் இருந்து, முனை இறுக்கமாக இருந்தால் போதும். முதலில் உங்கள் சோபாவை நகர்த்துங்கள்.

ஆயுத பூஜையில் பெரியம்மாவுக்கு இன்னொரு கண்டிப்பு இருந்தது. "ஒழைக்கிறதுக்குத்தான் பொட்டு" என்பார். ஓடாத மெஷினுக்குச் சந்தனம் கிடையாது. அன்று செட்டுக்கும் சிவப்பு கறுப்பு ஒயருக்கும் பொட்டு வைத்தவர், வெல்வெட் பெட்டியைத் தாண்டிப் போய்விட்டார். மாப்பிள்ளையும் அதைப் பார்த்தார். அடுத்த ஐப்பசி மழையில் மாடிக் கொடி அறுந்து அவருடைய வேட்டிகளே சேற்றில் விழுந்தபோது, அவரேதான் பெட்டியைத் திறந்து கேபிளை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார்.

பெரியம்மா இப்போது இல்லை. அக்காதான் யூனிட்டைப் பார்த்துக்கொள்கிறாள். இந்த வருஷ ஆயுத பூஜைக்கும் அதே பீங்கான்கள் மேல் அதே ஸ்பீக்கர்கள் முழங்கின. சந்தனக் கிண்ணத்தோடு வந்த மாப்பிள்ளை, செட்டுக்கு வைத்தார், பழைய ஒயருக்கு வைத்தார், பிறகு கிண்ணத்தோடு மாடிப்படி ஏறினார். நானும் பின்னால் போனேன். காய்ந்துகொண்டிருந்த புடவைகளை ஒதுக்கி, நீலக் கேபிளில் சந்தனத்தைத் தொட்டு வைத்து, அதன்மேல் குங்குமம் இட்டார்.

"இப்ப இதுவும் ஒழைக்குதுல்லீங்க அத்தை" என்றார்.